குவாக்கிளின் எண்ட்கேம் விடைகள்: எங்கே நம்பலாம், எங்கே கூடாது

ஸ்க்ராபிள் போட்டிகளில் ஆடுகிறவர்கள் ஆடி முடித்த ஆட்டத்தை அலசக் கணினியில் முதலில் நிறுவிக்கொள்வது பெரும்பாலும் குவாக்கிளைத்தான். காசு கிடையாது, மூலநிரல் திறந்தே கிடக்கிறது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. 2006-ல் டொராண்டோவில் முன்னாள் உலக சாம்பியன் டேவிட் பாய்ஸோடு ஐந்து ஆட்டத் தொடர் ஆடியது. முதல் இரண்டையும் தோற்று, அடுத்த மூன்றையும் ஜெயித்தது. அந்தப் பெயர் இன்னும் செல்லுபடியாகிறது. திரையில் முதல் வரியில் எது நிற்கிறதோ அதுவே சரியான நகர்வு என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

நடு ஆட்டத்துக்கு அந்த நம்பிக்கை நியாயமானதுதான். டைல்கள் (எழுத்து வில்லைகள்) எடுக்கும் பை காலியான பிறகு அப்படி இல்லை. அந்தக் கடைசிக் கட்டமான எண்ட்கேமில் குவாக்கிள் தரும் விடையை இன்னொரு நிரலிடம் காட்டாமல் ஏற்கக் கூடாது என்பதுதான் இந்த மதிப்புரையின் முடிவு. அதே நேரம், 'குவாக்கிள் தப்பாகச் சொல்கிறது' என்று வரும் புகார்களில் கணிசமானவற்றுக்கு நிரல் காரணமே இல்லை. உள்ளே போட்ட ஆட்டம் தப்பு, அல்லது சொற்பட்டியல் தப்பு, அல்லது திரையில் பார்க்கும் எண் எதைக் குறிக்கிறது என்ற புரிதல் தப்பு. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் இந்த மென்பொருளிடம் நன்றாகவே வேலை வாங்கலாம்.

பட்டியலில் தெரியும் எண்

நகர்வுகளை உருவாக்கச் சொன்னதும் வருகிற பட்டியல் ஈக்விட்டி வரிசையில் நிற்கும். பையில் டைல்கள் இருக்கும்வரை ஈக்விட்டி என்பது நகர்வின் மதிப்பெண்ணோடு ரேக்கில், அதாவது கையிருப்பில், மிஞ்சும் எழுத்துகள் பின்னால் தரக்கூடிய பயனின் மதிப்பைக் கூட்டியது. பை காலியானதும் இந்தக் கணக்கு வேறாகிவிடுகிறது. கையிலுள்ள எல்லா டைலும் தீரும் நகர்வு என்றால், மதிப்பெண்ணோடு எதிராளியின் ரேக்கில் நிற்கும் புள்ளிகளின் இரு மடங்கு சேரும். தீராத நகர்வு என்றால், மதிப்பெண்ணிலிருந்து 8 கழிந்து, மிஞ்சும் டைல்களின் புள்ளிகளை 2.61-ஆல் பெருக்கி அதுவும் கழியும். அவ்வளவுதான். இதில் தேடல் எதுவும் இல்லை. எதிராளி அடுத்து என்ன போடுவார் என்று பார்ப்பதும் இல்லை. சராசரியாக எவ்வளவு நஷ்டம் வரும் என்ற ஒரு குத்துமதிப்பு மட்டுமே.

இந்தக் குத்துமதிப்பு எங்கே கவிழ்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எதிராளி கையில் க்யூ ஒன்றுதான் மிச்சம், பலகையில் அதை வைக்க இடமே இல்லை. உங்களிடம் ஐந்து டைல்கள். ஒரே நகர்வில் ஐந்தையும் போட்டால் 18 புள்ளி, க்யூவின் இரு மடங்கு 20, மொத்தம் 38. மாறாக, மூன்று டைல்களை 14 புள்ளிக்குப் போட்டு, தலா ஒரு புள்ளி மதிப்புள்ள இரண்டு டைல்களை வைத்துக்கொள்ளலாம். எதிராளிக்கு பாஸ் செய்வதைத் தவிர வழியில்லை. அடுத்த முறை அந்த இரண்டையும் 11 புள்ளிக்குப் போட்டுத் தீர்த்தால் 14 + 11 + 20 = 45. நிதானமாக ஆடுவதில் 7 புள்ளி லாபம்.

குவாக்கிளின் பட்டியலில் இதே இரண்டும் எப்படித் தெரியும்? ஒரேயடியாகத் தீர்க்கும் நகர்வுக்கு 38. நிதான நகர்வுக்கு 14 − 8 − (2 × 2.61) = 0.78. சரியான விடை 37 புள்ளி பின்தங்கி, பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும். முதல் பத்து நகர்வுகளை மட்டும் பார்க்கும் பழக்கம் உள்ளவர் கண்ணில் அது படவே படாது. எதிராளியிடம் சிக்கிக்கொண்ட பெரிய எழுத்து ஏதாவது இருக்கிறதென்றால் பட்டியலின் வரிசையை மறந்துவிட்டு, சின்னச் சின்ன நகர்வுகளை நீங்களே தேடிச் சேர்ப்பதுதான் வழி.

இதே சூத்திரம் ஒரு நல்ல சோதனைக் கருவியாகவும் உதவும். அவுட் போகும் (கையிலுள்ள எல்லா டைலையும் தீர்க்கும்) நகர்வு ஏதாவது ஒன்றை எடுத்து, அதன் ஈக்விட்டியிலிருந்து அதன் மதிப்பெண்ணைக் கழியுங்கள். மிஞ்சுவது எதிராளியின் டைல்களின் கூட்டுத்தொகைக்குச் சரியாக இரு மடங்காக இருக்க வேண்டும். எதிராளியிடம் வி, ஐ என்று இரண்டு டைல்கள் என்றால் 4 + 1 = 5, ஆக 10 வர வேண்டும். வேறு எண் வந்தால் நிரல் எதிராளி ரேக்கை வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மேற்கொண்டு அலசுவது வீண்.

சிமுலேஷனை ஓடவிட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. சிமுலேஷன் நடு ஆட்டத்தில் வேலை செய்வதற்குக் காரணம், எதிராளியின் ரேக் தெரியாது என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு டைல்களைக் கொடுத்து ஆடிப் பார்த்துச் சராசரி எடுப்பது. பை காலியானபின் காணாத டைல்கள் எல்லாமே எதிராளியின் கையில்தான். சீட்டுக் குலுக்க எதுவும் இல்லை. ஆயிரம் சுற்று ஓடினாலும் அதே நகர்வு, அதே பதில், அதே எண். எண் அசையவே இல்லை என்பதைப் பார்த்து 'நன்றாக நிலைத்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. உண்மையில் அது ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுகிறது.

அந்த ஒரே ஆட்டத்தில் எதிராளியின் பதில் எப்படித் தேர்வாகிறது என்றால், மேலே சொன்ன அதே குத்துமதிப்புச் சூத்திரத்தால். ஆக, அடிப்படைத் தவறு அப்படியே தங்கிவிடுகிறது. சுற்றுகளைக் கூட்டிப் பயனில்லை. எத்தனை நகர்வு ஆழம் என்பதைக் கடைசிவரை வைத்தால் ஆட்டம் முடியும் கணக்காவது சரியாக வரும், ஆனால் இடையில் இருவரும் போடும் நகர்வுகள் சிறந்தவைதானா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

குவாக்கிளுக்குள்ளேயே இருக்கும் கணினி ஆட்டக்காரரான சாம்பியன்ஷிப் பிளேயரைக் கேட்பது இவற்றைவிட மேல். அது எண்ட்கேமுக்கென்று தனியாகத் தேடுகிறது. ஆனால் அதுவும் சாத்தியமான எல்லா வரிசைகளையும் கடைசிவரை அலசுவதில்லை. நம்பிக்கை தரும் நகர்வுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு அவற்றை மட்டும் ஆழமாகப் பார்க்கும். வேகத்துக்காகச் செய்த சமரசம் அது. நேர்ப்படியான எண்ட்கேமில் சரியாகவே சொல்லும். எதிராளியின் இடத்தை மறிக்க 6 புள்ளிக்கு ஒரு நகர்வு, தனக்கு ஒரு இடத்தைத் திறந்துவைக்க 3 புள்ளிக்கு ஒரு நகர்வு என்கிற மாதிரி நுட்பங்களில்தான் தவறவிடும். முதல் பார்வையில் மட்டமாகத் தெரியும் நகர்வு வேட்பாளர் பட்டியலுக்குள்ளேயே நுழையாவிட்டால், பிறகு எவ்வளவு ஆழமாகத் தேடி என்ன?

முதலில் சரிபார்க்க வேண்டியது உங்கள் கோப்பை

நிரலைக் குறை சொல்வதற்கு முன் ஒரு கூட்டல். ஆங்கில ஸ்க்ராபிளில் 100 டைல்கள். பலகையில் இருப்பவை, உங்கள் ரேக், காணாதவை மூன்றும் சேர்ந்து 100 வர வேண்டும். பலகையில் 88, உங்களிடம் 5 என்றால் காணாதவை 7. அது ஏழு அல்லது அதற்குக் குறைவு என்றால்தான் பை காலி. எட்டு என்று காட்டினால் பையில் இன்னும் ஒன்று இருப்பதாக நிரல் நினைக்கிறது. அப்போது வரும் விடை எண்ட்கேம் விடையே அல்ல. போட்டியில் உண்மையிலேயே ஒரு டைல் தரையில் விழுந்து தொலைந்திருந்தாலும் இப்படி வரும். நிரலுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தும் எழுத்துகள் தப்பாக இருக்கலாம். இங்கே முதல் சந்தேகம், எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்று டைலான பிளாங்க் மேல்தான் விழ வேண்டும். ஆட்டத்தில் பிளாங்க்கை எஸ் ஆக வைத்திருப்பார்கள், கோப்பில் நிஜ எஸ் என்று பதிந்திருக்கும். மொத்த எண்ணிக்கை அப்படியே 100. ஆனால் காணாதவற்றில் ஒரு எஸ் குறைந்து, இல்லாத ஒரு பிளாங்க் எதிராளியின் கைக்குப் போய்விடும். உடனே நிரல் பதறி எல்லா இடத்தையும் மறிக்கச் சொல்லும். எதிராளியிடம் பிளாங்க் இருக்கிறது என்று அது நம்பும்போது அந்த யோசனை சரிதான். இந்தப் பிழைக்குத் தடயம் ஸ்கோர்ஷீட்டில் இருக்கும். பிளாங்க்குக்குப் புள்ளி கிடையாது, எஸ்ஸுக்கு 1. அந்த நகர்வின் மதிப்பெண் கோப்பில் 1, 2 அல்லது 3 கூடுதலாக வந்திருக்கும். கட்டங்களின் பெருக்கலைப் பொறுத்து அது இன்னும் கூடலாம். சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். எந்த நகர்வில் கூட்டுத்தொகை முதலில் பிசகுகிறதோ அங்கேதான் பிளாங்க் இருக்கிறது.

ஆட்டப் பதிவுக்குப் பொதுவாகப் புழங்கும் ஜிசிஜி கோப்பில் பிளாங்க்கைச் சிறிய எழுத்தில் எழுதுவார்கள், மற்றவை பெரிய எழுத்து. ரேக்கில் வைத்திருக்கும் பிளாங்க்குக்குக் கேள்விக்குறி. ஏற்கெனவே பலகையில் உள்ள எழுத்தின் வழியாகச் சொல் போனால் அந்த இடத்தில் புள்ளி. கையால் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல எழுத்துருக்களில் சின்ன எல்லும் பெரிய ஐயும் ஒரே செங்குத்துக் கோடாகத்தான் தெரியும். ஒன்று எல் ஆக வைத்த பிளாங்க், மற்றது நிஜமான ஐ. கண்ணால் பார்த்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் வரும் எழுத்துருவுக்கு மாற்றிவிட்டுக் கோப்பைத் திறந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கட்டத்தின் முகவரியிலும் கவனம் வேண்டும். எண் முதலில், எழுத்து பிறகு என்றால் கிடைமட்டம். எழுத்து முதலில் என்றால் செங்குத்து. 8-எச், எச்-8 இரண்டும் ஒரே கட்டத்தில் தொடங்கினாலும் திசை வேறு. இது பெரும்பாலும் அடுத்த நகர்விலேயே பல்லிளித்துவிடும் என்பதால் ஆபத்து குறைவு.

முந்தைய நகர்வுகளின் ரேக்குகள் தப்பாகப் பதிவாகியிருந்தால்? எண்ட்கேமுக்கு அதனால் பாதிப்பில்லை. பலகையில் இறங்கியவையும் இப்போதைய ரேக்கும் சரியாக இருந்தால் போதும். ஆட்டம் முழுவதையும் உட்கார்ந்து திருத்த வேண்டியதில்லை. சவால் (அந்தச் சொல் செல்லாது என்ற ஆட்சேபம்) விடப்படாமல் பலகையில் தங்கிவிட்ட போலிச் சொற்களை மட்டும் 'திருத்தி' எடுத்துவிடாதீர்கள். அவை தப்பாக இருந்தாலும் அந்த டைல்கள் பலகையில்தான் இருக்கின்றன, அடுத்த சொற்கள் அவற்றில் ஒட்டித்தான் போயிருக்கின்றன. சவாலில் தோற்றுத் திரும்ப எடுத்த சொல் என்றால் அதற்கான கழித்தல் வரி கோப்பில் இருக்க வேண்டும். அந்த வரி விடுபட்டால் டைல்கள் பலகையிலேயே நின்றுவிடும்.

கோப்பின் கடைசி வரியையும் ஒரு தடவை பாருங்கள். அடைப்புக்குறிக்குள் எதிராளியிடம் மிஞ்சிய டைல்கள், பக்கத்தில் ஒரு கூட்டல் எண். போட்டி முறையில் அது இரு மடங்கு: வி, ஐ என்றால் 10. பெட்டியோடு வரும் வீட்டு விதிப்படி ஆடியிருந்தால் ஒருவருக்கு 5 கூட்டி மற்றவருக்கு 5 கழித்திருப்பார்கள். இருவருக்கும் இடையிலான வித்தியாசம் இரண்டிலும் ஒன்றே. தனித்தனி மொத்தங்கள்தான் மாறும். நிரலின் இறுதி மதிப்பெண்ணும் ஸ்கோர்ஷீட்டும் ஒத்துவரவில்லை, ஆனால் ஸ்ப்ரெட், அதாவது அந்த வித்தியாசம், மட்டும் சரியாக இருக்கிறது என்றால் காரணம் இதுதான். பிழை என்று எண்ணித் துரத்த வேண்டாம்.

சொற்பட்டியல்

வட அமெரிக்காவில் என்டபிள்யூஎல், மற்ற பெரும்பாலான நாடுகளில் கோலின்ஸ் பட்டியலான சிஎஸ்டபிள்யூ. நம் ஊர்ப் பக்கத்துப் போட்டிகளும் கோலின்ஸ்தான். நடு ஆட்டத்தில் பட்டியல் மாறியிருந்தால் ஓரிரு நகர்வுகள் கூடக் குறைய வரும், பெரிதாகத் தெரியாது. எண்ட்கேமில் ஓர் இரண்டெழுத்துச் சொல் மொத்த விடையையும் புரட்டிவிடும். இசட்-ஓ என்ற சொல் கோலின்ஸில் செல்லும், என்டபிள்யூஎல்லில் செல்லாது. எதிராளியிடம் இசட் மட்டும் இருக்கிறது, பலகையில் திறந்த ஓ ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஒரு பட்டியலில் அவர் அடுத்த நகர்வில் தீர்த்துவிடுவார். மற்றதில் 20 புள்ளி உங்களுக்கு. சி-எச் சொல்லும் அப்படித்தான், கோலின்ஸில் மட்டும் உண்டு.

பழைய ஆட்டங்களுக்கு அந்தக் காலத்துப் பதிப்பையே தேர்ந்தெடுங்கள். ஓ-கே, இ-டபிள்யூ என்ற இரண்டும் கோலின்ஸுக்கு வந்தது 2019 பதிப்பில். அதற்கு முந்தைய ஆட்டத்தைப் புதிய பட்டியலில் அலசினால், கே மட்டும் கையில் வைத்துத் தவித்த ஆட்டக்காரர் ஏதோ எளிய நகர்வைக் கோட்டைவிட்டதாக நிரல் குற்றம் சாட்டும். புதிய பட்டியலில் பழைய சொற்கள் எல்லாமே இருக்கும் என்றும் எண்ணக் கூடாது. 2020, 2021 வாக்கில் இரு பட்டியல்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான இழிசொற்கள் நீக்கப்பட்டன. பட்டியலை மாற்றியபின் பழைய நகர்வுப் பட்டியல் திரையில் அப்படியே நின்றால் அதை நம்பாமல், ஆட்டத்தை மறுபடி திறந்து நகர்வுகளைப் புதிதாக உருவாக்குங்கள்.

இரண்டாவது கருத்துக்கு மக்கோண்டோ

மக்கோண்டோ ஸ்க்ராபிள் ஆட்டத்தை அலசும் இன்னொரு நிரல். இதுவும் இலவசம், திறந்த மூலம். இணையத்தில் சொல்லாட்டம் ஆடும் வூகிள்ஸ் தளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான செசார் டெல் சோலார், கோ மொழியில் எழுதியது. எண்ட்கேமுக்கு இப்போதைக்கு நாங்கள் நம்புவது இதைத்தான். படிப்படியாக ஆழத்தைக் கூட்டிக்கொண்டு, இரு தரப்பும் மிகச் சிறந்த நகர்வையே போடும் என்று வைத்துக்கொண்டு தேடுகிறது. ஏற்கெனவே பார்த்த நிலைகளை நினைவில் வைத்திருப்பதால் வேகமும் மோசமில்லை. குறை ஒன்று: ஜன்னல், பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டச்சு செய்ய வேண்டும். குவாக்கிளில் சுட்டியால் ஓடி விளையாடியவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

வேலை முறை இவ்வளவுதான். முதலில் சொற்பட்டியலை அமையுங்கள். 'லோட்' கட்டளையால் ஜிசிஜி கோப்பை ஏற்றி, 'டர்ன்' என்று நகர்வு எண்ணைக் கொடுத்து வேண்டிய இடத்துக்குப் போங்கள். பலகை திரையில் வரும், காணாத டைல்களும் அதனோடு வரும். நூறு கணக்கை இங்கேயும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிறகு 'எண்ட்கேம்' கட்டளை, கூடவே ஆழம். ஆழம் என்பது இருவரும் மாறி மாறிப் போடும் நகர்வுகளின் எண்ணிக்கை, ஆளுக்கு ஒன்று என்றால் இரண்டு.

ஆழத்தில்தான் மக்கோண்டோவிலும் தவறு நுழைகிறது. ஆழம் போதாவிட்டால் தேடல் பாதியில் நிற்கும், மீதி மதிப்பீடு ஊகம். கண்டுபிடிப்பது சுலபம்: அது தரும் சிறந்த வரிசையின் கடைசி நகர்வைப் பாருங்கள். யாராவது ஒருவர் டைல்களைத் தீர்த்திருக்க வேண்டும், அல்லது இருவரும் பாஸ் செய்து நின்றிருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் இருவர் ரேக்கிலும் டைல்கள் மிச்சமிருக்க வரிசை முடிந்தால் ஆழத்தை இரண்டு கூட்டி மறுபடி ஓட்டுங்கள். இரண்டிரண்டாகக் கூட்டுவதற்குக் காரணம் உண்டு. தேடல் உங்கள் நகர்வோடு நின்றால் எதிராளியின் பதில் அதற்குள் வராமல் எண் உப்பித் தெரியும். இருவரிடமும் ஏழேழு டைல், நடுவில் சிக்கிய எழுத்து ஒன்று என்றால் பத்துக்கு மேலும் ஆழம் தேவைப்படலாம். பிளாங்க் வேறு இருந்தால் நகர்வுகளின் எண்ணிக்கை பல மடங்காகி, பதில் வர நேரம் பிடிக்கும். நிரல் உறைந்துவிட்டது என்று அவசரப்பட்டு மூடிவிட வேண்டாம்.

எண்களை ஒப்பிடும்போது ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. மக்கோண்டோ முதலில் சொல்வது இந்த நிலையிலிருந்து ஸ்ப்ரெட் எவ்வளவு மாறும் என்பதை. இறுதி ஸ்ப்ரெட் அதற்கடுத்து. நீங்கள் 14 முன்னிலையில் இருக்க, வரிசையின் மதிப்பு +9 என்றால் ஆட்டம் 23-ல் முடிகிறது. குவாக்கிளின் ஈக்விட்டி இந்த இரண்டில் எதுவும் இல்லை. அதனால் 'அங்கே 38, இங்கே 9, எது சரி' என்ற கேள்விக்கே இடமில்லை. நகர்வுகளை ஒப்பிடுங்கள், எண்களை ஒப்பிடாதீர்கள்.

சவால் விதியையும் பொருத்திவையுங்கள். சவால் சாத்தியமுள்ள விதியில் ஒருவர் தீர்த்தபின் மற்றவர் ஒரு பாஸ் செய்து ஏற்றுக்கொள்வதாக மக்கோண்டோவின் வரிசையில் ஒரு வரி வரும். ஆட்டம் முடிந்தபின் இந்த பாஸ் எதற்கு என்று திகைக்க வேண்டாம், அது பிழையல்ல. ஆனால் எதிராளி ஒரு போலிச் சொல்லைப் போட்டுப் பார்ப்பாரா, நீங்கள் சவால் விடத் துணிவீர்களா என்பதை எந்த நிரலும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு நிரலும் செல்லுபடியாகும் சொற்களை மட்டுமே ஆடும்.

முழு ஆட்டக் கோப்பு இல்லாமல் ஒரே ஒரு நிலையை மட்டும் ஏற்ற சிஜிபி வடிவம் இருக்கிறது. பலகையின் பதினைந்து வரிசைகள், பிறகு இரண்டு ரேக்குகள், இரண்டு மதிப்பெண்கள், அதன்பின் ஓர் ஒற்றை எண். நகர்வு யாருடையதோ அவருடைய ரேக் முதலில் வர வேண்டும். மாற்றி வைத்தால் நிரல் எதிராளிக்கு வக்காலத்து வாங்கி அழகாக ஒரு விடை தரும், நீங்களும் அதை உங்களுடையது என்று நினைப்பீர்கள். அந்த ஒற்றை எண் தொடர்ந்து எத்தனை நகர்வுகள் புள்ளியின்றிப் போயின என்பது. சாதாரணமாக 0. தொடர்ந்து ஆறு புள்ளியற்ற நகர்வுகள் வந்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்பதால், வேறு ஆட்டத்திலிருந்து நகலெடுத்த வரியில் 5 என்று ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்த பாஸிலேயே ஆட்டம் முடிந்ததாகக் கணக்காகும்.

பையில் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும்போது

இதுதான் குவாக்கிளில் மிகவும் வழுக்கும் தரை. அதன் வெற்றி சதவீதம், இத்தனை புள்ளி முன்னிலை, இத்தனை டைல் மிச்சம் என்றால் பொதுவாக யார் ஜெயிப்பார் என்ற ஒரு முன்தயாரித்த அட்டவணையைச் சார்ந்தது. உங்கள் பலகையில் ஒரே ஒரு இடம்தான் திறந்திருக்கிறது, எதிராளியிடம் அங்கே பொருந்தும் எழுத்து இருக்கவே முடியாது என்பதெல்லாம் அந்த அட்டவணைக்குத் தெரியாது.

பையில் ஒரே டைல் என்றால் காணாதவை எட்டு. அந்த எட்டில் எது பையில் என்பதற்கு எட்டு வாய்ப்புகள்தான். மக்கோண்டோவின் 'பெக்' கட்டளை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தீர்த்து, எட்டில் எத்தனையில் ஜெயிக்கிறீர்கள் என்று சொல்லும். சமநிலைக்கு அரை வெற்றி, அதனால் 5.5 போன்ற எண்ணும் வரும். குவாக்கிளை மட்டுமே வைத்திருப்பவர்கள் இதைக் கையாலும் செய்யலாம். காணாதவை ஏ, இ, இ, ஐ, என், ஆர், டி, யு என்றால் வெவ்வேறு எழுத்துகள் ஏழு. பையில் ஏ என்று வைத்து எதிராளிக்கு மற்ற ஏழையும் கொடுத்துத் தீருங்கள், அடுத்து இ, இப்படியே. இ-க்கு வந்த விடையை இரண்டு தடவை எண்ண வேண்டும், அது இரண்டு இருப்பதால். இந்த இரட்டிப்பை மறந்தால் எட்டுக்குப் பதில் ஏழில் கணக்கு வந்து, நெருக்கமான இரண்டு நகர்வுகளின் வரிசை மாறிப்போகும்.

பையில் இரண்டு, மூன்று என்று போகப் போக வாய்ப்புகள் பெருகி 'பெக்' நிறைய நேரம் எடுக்கும். எல்லா நகர்வையும் அலசச் சொல்லாமல், உங்களுக்குச் சந்தேகமுள்ள இரண்டு மூன்றை மட்டும் கொடுத்து ஓட்டினால் கட்டுக்குள் இருக்கும். அந்த இரண்டு மூன்றைப் பொறுக்கியெடுக்கும் வேலைக்கு மறுபடி குவாக்கிள்தான் வசதி: பலகையைச் சுட்டியால் தட்டித் தட்டி நகர்வுகளைப் போட்டுப் பார்ப்பதும், எதிராளி எங்கே இறங்குவார் என்று திருப்பிப் பார்ப்பதும் அங்கே சில நொடி வேலை, கட்டளைத் திரையில் அந்தச் சுகம் வராது.

ஒரு சில்லறை விஷயம். நேர அபராதம் நிமிடத்துக்கு 10 புள்ளி என்று ஆட்டம் முடிந்தபின் கழிக்கப்படுகிறது. எந்த நிரலும் அதை முன்கூட்டி அறியாது. நீங்கள் ஒரு நிமிடம் தாண்டிவிட்டீர்கள் என்று தெரிந்தே ஆடிய எண்ட்கேமை அலசுகிறீர்கள் என்றால், அலசும் முன்பே உங்கள் மதிப்பெண்ணில் 10 குறைத்து வையுங்கள். ஸ்ப்ரெட்டுக்கான சிறந்த நகர்வு மாறாது. ஆனால் 4 புள்ளியில் ஜெயித்துவிடும் என்று நிரல் பச்சைக்கொடி காட்டும் வரிசை உண்மையில் 6 புள்ளியில் தோற்கும் வரிசை. அந்த நிலையில், எதிராளி தவறு செய்தால் ஜெயிக்க இடம் கொடுக்கும் வேறொரு நகர்வு உண்டா என்று பார்ப்பதே உருப்படியான அலசல். அதை இரண்டு நிரலும் தானாகச் சொல்லாது, நகர்வுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.